மூன்றாவது கட்டுத் தண்ணீர்

ஆளுக்கு ஒரு கட்டுத் தண்ணீர் பாட்டில் கொண்டுவரலாம், சீல் உடைந்திருக்கக் கூடாது, பெட்டிகளோடு அனுப்பாமல் கையோடு எடுத்துவர வேண்டும். கப்பல் கம்பெனி அனுப்பிய விதிகளில் அம்மா கவனமாகப் படித்தது இதை மட்டும்தான். நீச்சல் குளம் எந்தத் தளத்தில், இரவு உணவுக்கு என்ன உடுத்துவது, எதையும் அவள் கேட்கவில்லை. புறப்படுவதற்கு முந்தைய நாள் நான் ஆப்பலூசஸ் ஊரில் இருந்த அம்மா வீட்டுக்குப் போனபோது, காரின் பின்பக்கம் மூன்று கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மூணு எதுக்கும்மா? நாம ரெண்டு பேருதானே?"

"ஒண்ணு உன் மாமாவுக்கு. அவனுக்கும் சேர்த்து வாங்கச் சொன்னான்."

"வில்பர்ட் மாமா தண்ணி குடிப்பாரா?"

"எனக்கும் அதுதான் ஆச்சரியம்." சிரித்தாள். "உடம்பைப் பாத்துக்கறானாம்."

"எனக்கு வேண்டாம்மா. கப்பல்ல குடுக்கிறதையே குடிச்சுக்கறேன்."

"இருக்கட்டுமே. உனக்குன்னு ஒரு பங்கு இருக்கில்ல, அதை ஏன் விடணும்?"

நான் ஒரு கட்டைத் தூக்கப் போனேன். "நீ விடு, ரெனெட்டா" என்று என் கையைத் தட்டிவிட்டு அவளே தூக்கிவைத்தாள். அவளுக்கு முழங்கால் வலி உண்டு. அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை.

அம்மா குடியை விட்டு அப்போது ஒரு வருடம் ஆகவிருந்தது. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வியாழன்தோறும் குடியை விட்டவர்கள் கூடுவார்கள். அங்கே ஆல்தியா என்ற பெண்மணி அவளுக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்திருந்தாள். விருந்துக்குப் போனால் யார் நீட்டும் கோப்பையையும் வாங்காதே. நீயே மூடியைத் திருகு. அந்தச் சத்தம் உன் காதில் விழுந்த பிறகு குடி. அம்மா இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். பாட்டிலைக் காதருகே கொண்டுபோய்த் திருகுவாள். மூடியின் வளையம் 'டிக்' என்று அறுபட்டதும் அவள் முகத்தில் ஒரு சின்ன அமைதி வரும். வீட்டில் எல்லோருக்கும் இது வேடிக்கை. "ஒடீலியாவுக்கு அவ பாட்டில் போன் பண்ணுது" என்பார் மாமா.

எனக்கும் ஒரு பழக்கம் இருந்தது. அம்மா கையால் எதைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன். ஏழு வயதில் தாகத்தோடு விழித்து, அவள் கட்டிலருகே இருந்த கண்ணாடித் தம்ளரை எடுத்து மடக்கென்று குடித்தேன். தண்ணீர் போலத்தான் இருந்தது. தொண்டை எரிந்து நான் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. அவள் பக்கத்தில் அசையாமல் படுத்திருந்தாள். அன்றிலிருந்து என் மூக்கு எனக்கு முன்னால் போகும். அவள் அதைப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் சொன்னதில்லை.

இந்தப் பயணத்துக்கு நான் வந்ததே அவளைப் பார்ப்பதற்காகத்தான். எங்கள் லெமெல் குடும்பம் மொத்தமும் ஒன்றுகூடி, ஒரே மாதிரி ஊதாச் சட்டை அணிந்து மெக்சிகோ பக்கம் போய்வரும் பயணம் அது. நான் வருவேன் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நான் கருவுற்றிருந்தேன். அது டெரன்ஸுக்கு மட்டும் தெரியும். என் கணவன், மெக்சிகோ வளைகுடாவில் கடல் நடுவே எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை. "உங்க அம்மாகிட்ட எப்பச் சொல்லப்போறே?" என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தான். பிரசவ அறையில் என் பக்கத்தில் அம்மா நிற்க வேண்டும் என்று ஆசைப்படவே எனக்குப் பயமாக இருந்தது. ஆசைப்பட்டு, பிறகு அவள் தள்ளாடிக்கொண்டு வந்து நின்றால்? கப்பல் முழுக்க மது. நடக்கும் இடமெல்லாம் தட்டில் ஏந்தி நிற்பார்கள். இங்கே அவள் குடிக்காமல் நின்றுவிட்டால் சொல்லலாம். தவறினால், குழந்தை பிறந்த பிறகு ஒரு புகைப்படம் அனுப்பினால் போதும். இப்படி மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டு கப்பல் ஏறியவள் நான்.

நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் வரிசை நீளமாக இருந்தது. அம்மா இரண்டு கட்டுகளைச் சிறிய தள்ளுவண்டியில் வைத்து உருட்டிவந்தாள். முந்தைய மாலையே வீட்டுக்கு வாங்கிப்போயிருந்த தன்னுடைய கட்டை மாமாவும் கொண்டுவந்து அதன்மேல் வைத்தார்.

"முதுகு பிடிச்சுக்கிச்சு, ஒடீலியா. நீதான் வண்டி வெச்சிருக்கியே."

"முதுகு பிடிச்சவன் இடுப்பை ஆட்டிக்கிட்டா வரிசையில நிப்பான்?" என்றாள் அவர் மனைவி வெர்டீன் அத்தை. அத்தையின் கைப்பையில் மிளகாய்ச் சாறு இரண்டு புட்டி இருந்தது. கப்பல் சமையல்காரர்கள் மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை.

சோதனை மேசையில் இருந்த இளைஞன் தண்ணீரைப் பார்த்ததும் நிமிர்ந்தான். தண்ணீர் பாட்டிலில் மது கடத்துவது அவனுக்குத் தெரியாத தந்திரமா. நடுக்கட்டின் உறையைக் கீறி ஒரு பாட்டிலை உருவித் தலைகீழாகப் பிடித்து, மதுவானால் குமிழி அடங்காமல் நிற்குமே என்று மேலேறும் குமிழிகளைப் பார்த்தான். பிறகு திறந்து முகர்ந்தான். எங்கள் பின்னாலிருந்த ஊதாச் சட்டைகள் அமைதியாகிவிட்டன. எல்லோரும் அம்மாவைப் பார்க்காதது போல் பார்த்தார்கள். நானும் குமிழிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெறும் தண்ணிதான்மா" என்றான் அவன், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"தெரியும் தம்பி. நல்லாப் பாத்ததுக்கு நன்றி" என்றாள் அம்மா. கேலியாகச் சொல்லவில்லை. யாரோ ஒருவர் சோதித்து, தண்ணீர்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னது அவளுக்கு ஒரு பரிசு போல இருந்திருக்க வேண்டும். மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வெயிலுக்கு என்று நினைத்தேன். இளைஞன் கட்டுகளை இடம் மாற்றி வண்டியில் திருப்பி அடுக்கினான்.

எங்கள் அறையும் மாமாவின் அறையும் அடுத்தடுத்து. எங்கள் வாசலில் வண்டி நின்றதும் மாமா அவசரமாக மேலே இருந்த கட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார். முதுகு வலி எங்கே போனதோ. மற்ற இரண்டையும் அம்மா சன்னலடியில் வைத்தாள். எல்லாப் பயணிகளும் போக வேண்டிய உயிர்காப்பு ஒத்திகை முடிந்து நாங்கள் திரும்பியபோது கப்பல் நகரத் தொடங்கியிருந்தது. சன்னலுக்கு வெளியே பழுப்பு நிற மிசிசிப்பி ஆறும் கரையில் எண்ணெய்த் தொட்டிகளும் மெல்லப் பின்னால் போயின.

எனக்கு வாந்தி வருவது போல் இருந்தது. காலையிலிருந்தே இருந்தது. ஆற்றின் மேல் பழிபோட்டுவிட்டு, மேலிருந்த கட்டைக் கிழித்து ஒரு பாட்டிலை எடுத்துத் திருகினேன். அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். பாட்டிலை வாய்க்குக் கொண்டுபோனேன். கடையில் வாங்கிய பாட்டிலை நான் முகர்வதில்லை.

"குடிக்காதே!"

அவள் திரும்பியதையே நான் பார்க்கவில்லை. என் கையிலிருந்து பாட்டில் பறிபோயிருந்தது. சட்டையிலும் படுக்கையிலும் தெறித்தது.

"என்னம்மா பண்றே!"

"சத்தம் வரல" என்றாள். "நீ திருகினே, சத்தம் வரல."

அதற்குள் வாசனை வந்துவிட்டது. என் சட்டையிலிருந்து, படுக்கை விரிப்பிலிருந்து. வெள்ளை ரம். சின்ன வயதில் எங்கள் வீட்டுத் திரைச்சீலைகளில் இருந்த அதே வாசனை.

நான் அவளைப் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்று எனக்குத் தெரியும். அந்தப் பார்வை எனக்குள் பல வருடமாகத் தயாராக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மூன்று கட்டு. என் பங்கை ஏன் விட வேண்டும் என்றது. என்னைக் குடிக்கவிடாமல் பறித்தது. எல்லாம் ஒரு நொடியில் சேர்ந்து பொருந்தின. கோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் போய்விட்டாள் என்று நினைத்தேன். வருத்தத்துக்கு முன்னால் வந்தது, இனி ஆசைப்பட வேண்டியதில்லை என்ற ஒருவித நிம்மதி. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

பாதி நிறைந்த பாட்டில் அம்மாவின் கையிலேயே இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, பாட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு மாறியது.

"இது என்னோடது இல்ல" என்றாள். "நீ நம்பு, நம்பாமப் போ, அதைப் பிறகு பேசிக்கலாம். முதல்ல இதை என் கையில இருந்து வாங்கு."

நான் அசையவில்லை.

"வாங்குடி, ரெனெட்டா. என்னால கீழ வெக்க முடியல."

வாங்கினேன். அவள் விரல்களைப் பிரித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

"எல்லாத்தையும் ஊத்திடு. ஒண்ணொண்ணா. நான் இங்க நிக்க மாட்டேன். நின்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது." கதவுவரை போனவள் திரும்பாமலே சொன்னாள்: "ஒரு வாய் கூட உள்ள போகலியே உனக்கு?"

"இல்ல."

"நல்ல வேளை. கர்ப்பத்தோட..." என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

நான் குளியலறைத் தொட்டியின் முன் நின்றேன். வளையங்களைப் பார்த்தால் தெரிந்தது, ஒவ்வொன்றிலும் பசையின் மெல்லிய தடம். திருகினால் மெத்தென்று திறந்துகொண்டது. வராமல் போன சத்தத்தைத்தான் அம்மாவின் காது கேட்டிருக்கிறது. இந்தப் பசை வேலைக்கு ஒரு கேரேஜும் பொறுமையும் வேண்டும். அம்மாவிடம் இரண்டும் கிடையாது. அவள் ஒளித்த காலத்தில் துணி மூட்டைக்குள்ளும் ஓட்ஸ் டப்பாவுக்குள்ளும்தான் ஒளிப்பாள். நான் கண்டுபிடிக்காத இடமே இல்லை.

குழாயைத் திறந்துவிட்டு ஊற்றிக்கொண்டே இருந்தேன். வாசனையில் கண் எரிந்தது, பிறகு அழுதேன். அவள் என்னிடம் வாக்குக் கொடுத்திருக்கலாம். பைபிளில் கை வைத்திருக்கலாம். முன்பெல்லாம் அதைத்தான் செய்வாள். இன்று, என்னால் முடியாது, நீ செய் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். வலிமையானவளாக அவள் திரும்பி வருவாள் என்று நான் இத்தனை வருடம் காத்திருந்தேன். வந்தவள் தன் பலவீனம் எவ்வளவு என்று தெரிந்துவைத்திருந்தாள். அதற்கு மேல் என்ன வேண்டும் எனக்கு?

கதவைத் திறந்தபோது அம்மா நடைவழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே வில்பர்ட் மாமா, தோளில் ஒரு கட்டுத் தண்ணீரோடு, முகம் வெளிறிப்போய்.

"ஒடீலியா, ஒரு சின்ன விஷயம். கட்டு மாறிப்போச்சு போல. மேல்தளத்துல எல்லாருக்கும் ஊத்திக் குடுத்தேன். பசங்க 'என்ன மாமா, ஞானஸ்நானம் பண்றீங்களா'ன்னு கேக்கறானுங்க. வெறும் தண்ணி!" பிறகுதான் அவருக்கு என் சட்டையின் வாசனை எட்டியது. அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ... குடிச்சிட்டியா?"

"இல்ல" என்றேன் நான், அம்மா வாய் திறப்பதற்குள். "அம்மா குடிக்கல."

அந்த இரண்டு சொற்களை என் வாழ்க்கையில் முதன்முறையாக நிச்சயமாகச் சொன்னேன். அம்மா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"அப்ப என் சரக்கு?"

"குழாயில போயிடுச்சு மாமா. இந்நேரம் மிசிசிப்பி குடிச்சிருக்கும்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டை எங்கள் வாசலில் மெல்ல இறக்கிவைத்தார். "உன் வண்டியில போய் அதை வெச்சேன் பாரு, ஒடீலியா. நான் நினைச்சே பாக்கல. சத்தியமா நினைச்சுப் பாக்கல."

"நீ என்னிக்குடா நினைச்சுப் பாத்திருக்கே?" என்றாள் அம்மா. ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "போ. வெர்டீன்கிட்ட நீயே சொல்லிடு. அவளாக் கண்டுபிடிச்சா மிளகாய்ச் சாறை உன் கண்ணுல ஊத்துவா."

மாமாவுக்கு நான் இன்றுவரை நன்றி சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வருடமும் ஏதாவது செய்வார். ஆனால் அவருடைய பசை சரியாக ஒட்டியிருந்தால், அல்லது கட்டு மாறாமல் இருந்திருந்தால், அந்தக் கப்பலில் ஐந்து நாளும் நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து குமிழிகளை எண்ணிக்கொண்டிருந்திருப்பேன்.

விரிப்பை மாற்றச் சொல்லிவிட்டு இருவரும் வெளித்தளத்துக்குப் போனோம். ஆறு அகலமாகிக்கொண்டிருந்தது. கரை புல்லும் சேறுமாகத் தாழ்ந்துவிட்டது.

"எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஈஸ்டர் அன்னிக்கு நண்டு வாசனைக்கு எழுந்து ஓடினியே. நண்டுன்னா உயிரை விடறவ." கம்பியில் சாய்ந்தாள். "நீயாச் சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன். சொல்லாட்டியும் உனக்கு அந்த உரிமை இருக்கு. ஆனா இந்தக் கப்பல்ல எல்லாரும் உனக்கு ஏதாவது நீட்டிக்கிட்டே இருப்பாங்க. நல்ல தண்ணி உன் கைகிட்ட இருக்கணும்ல? அதுக்குத்தான் எனக்கு, மாமாவுக்குன்னு ரெண்டு போக மூணாவது கட்டு."

ஆறும் தொலைவில் தெரிந்த கரையும் என் கண்ணீரில் ஒன்றோடொன்று கலந்தன.

"நவம்பர்ல" என்றேன் கடைசியில். "நீ பக்கத்துல இருக்கணும்மா."

அவள் தலையாட்டினாள். உதடுகளை இறுக்கிக்கொண்டாள். பிறகு, கையில் ஏதாவது வேலை வேண்டும் என்பது போல, கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் காதருகே வைத்துத் திருகினாள். டிக். பாதியைக் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

வாங்கிக் குடித்தேன். வெயிலில் சூடேறிய தண்ணீர். நாலு மிடறு இறங்கிய பிறகுதான், முகர்ந்து பார்க்க மறந்தது நினைவுக்கு வந்தது. மீதியையும் குடித்தேன்.