பேராச்சியின் பத்தியம்

பேராச்சிக்கு மருமகள் மேல் பிரியம் இல்லை என்று தாராவியில் ஒருவரும் சொல்ல முடியாது. சண்முகவடிவைப் பட்டினி போட்டதே அந்தப் பாழாய்ப்போன பிரியம்தான்.

பேராச்சியின் ஒரே மகள் தலைப்பிரசவத்தில் செத்துப்போனவள். பிள்ளை பெரிசு, வெளியே வரவில்லை. அவள் போட்ட கூச்சல் தாயின் காதை விட்டுப் போகவே இல்லை. அதனால் மருமகளுக்கு ஐந்து மாதம் ஆனதுமே பத்தியம் தொடங்கிவிட்டது. ராத்திரிச் சோறு கிடையாது. பால், முட்டை பக்கம் போகக் கூடாது. வயிறு காய்ந்தால் பிள்ளை சிறுக்கும், சிறுத்த பிள்ளை வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்பது பேராச்சியின் மருத்துவம். தோல் கிடங்கிலிருந்து வரும் மகன் பூலோகம் மட்டும் வயிறு முட்டத் தின்பான். பெண்டாட்டியின் தட்டைப் பார்க்க அவனுக்குக் கண் இல்லை.

எட்டாம் மாதம் பிள்ளை அசைவது குறைந்தது. சண்முகவடிவு அழுது அடம்பிடித்ததால், மாதாமாதம் போகும் மாட்டுங்கா தர்ம ஆஸ்பத்திரிக்கு அவளைப் பேராச்சி கூட்டிப் போனாள். டாக்டர் விஜயலக்ஷ்மி வயிற்றை டேப் வைத்து அளந்தார். போன மாதத்து அளவிலேயே நின்றது.

"குழந்தை வளரவே இல்லை. ரொம்பச் சின்னதா இருக்கு."

பேராச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நெசமாவா டாக்டரம்மா?"

"எதுக்குச் சிரிக்கறேள்? உள்ள அது பட்டினி கிடக்கு. இவளை இன்னிக்கே இங்க சேருங்கோ. நன்னா சாப்பிடணும், ஒருக்களிச்சுப் படுத்து ரெஸ்ட் எடுக்கணும்."

"வீட்டுல வச்சு நானே பாத்துக்கிடுதேன்மா."

டாக்டர் எவ்வளவோ கத்திப் பார்த்தார். கடைசியில் ஒரு டப்பா பால்பவுடராவது கொண்டுபோகட்டும் என்று கொடுத்தனுப்பினார். அது பூலோகத்தின் டீக்குப் போயிற்று.

"அத்த, பசிக்கி. டாக்டரம்மா சொன்னாவள்லா?"

"அவ படிச்சவ, சொல்லுவா. எம்மவ செத்தத நாந்தான பாத்தேன்? இன்னும் கொஞ்ச நாளு பல்லக் கடிச்சுக்கோட்டி."

சொல்லும்போது பேராச்சி அழுதாள். பொய் அழுகை இல்லை. மறுநாள் சண்முகவடிவு அரிசிப் பானையில் கைவிட்டுப் பச்சரிசியை வாயில் போட்டதும், அவள் தாடையைப் பிடித்து விரலை விட்டு ஒரு மணி விடாமல் வழித்தெடுத்தவளும் அதே பேராச்சிதான்.

பிரசவம் வீட்டிலேயே நடந்தது. ஆண் பிள்ளை, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் போல இருந்தது. பேராச்சி வாசலில் நின்று, "ஏக்தம், சுத்தமான சுகப்பிரசவம்! எம்மருமவ ஒரு சத்தம் போட்டாளா, கேட்டியளா?" என்று அண்டை அயலுக்கெல்லாம் சொன்னாள்.

பிள்ளைக்குப் பால் உறிஞ்சத் தெம்பில்லை. மறுநாள் காலையில் விறைத்துக் கிடந்தது. பூலோகம் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான்.

அவன் போன பிறகு பேராச்சி ஒரு தட்டு நிறையச் சோறு போட்டு, கருவாட்டுக் குழம்பை ஊற்றி மருமகள் முன்னால் வைத்தாள். தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"நீ பொழச்சியே, அது போதும்ட்டி. இனி எம்புட்டும் தின்னலாம்."

சண்முகவடிவு தட்டைத் தூக்கி மாமியார் முகத்தில் எறியத்தான் நினைத்தாள். கை சோற்றைப் பிசைந்தது. விம்மிக்கொண்டே அள்ளி அள்ளித் தின்றாள், தட்டை வழித்தாள், பிறகு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.