வந்தது போதும்

கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இரைச்சல எடுத்துருவீங்கல்ல?" என்றுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரைச்சலை வழித்தெடுத்தால் பேச்சும் கொஞ்சம் கூடவே போய்விடும். கொழிஞ்சாம்பாறையில் கடை போட்ட நாளிலிருந்து இதையே சொல்லி வாய் வலிக்கிறது.

பலசரக்குக் கடை நூஹு அண்ணனும் அதையேதான் கேட்டார். கூடவே அவர் தங்கை மெஹருன்னிசா அக்கா. மலைமேல் இருக்கிற அகளியில் வாழ்க்கைப்பட்டவர். அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் கதவோரம் போய் நின்றுகொண்டார்.

துபாயிலிருந்து அவர்களுடைய அத்தா பேசி அனுப்பிய கடைசி கேசட் அது. அதற்குப் பிறகு அவர் உயிரோடு திரும்பவில்லை. அதில் ஒரு வரிதான் வழக்கு. "மெஹரு வந்தா போதும்" என்று, மகள் வந்தாலே போதுமென்று ஆசையாகச் சொன்னதாக அண்ணன் சாதிக்கிறார். அக்காவின் காதில் விழுந்ததோ, "மெஹரு வந்தது போதும்." பிறந்த வீட்டுக்கு அடிக்கடி வந்து நிற்கிறோம், அத்தாவுக்குச் சலித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். அன்றோடு அந்த வீட்டுப் படி ஏறுவதை விட்டுவிட்டார். கல்யாண மண்டபங்களில் அண்ணனைப் பார்ப்பதோடு சரி. அத்தா வெறுத்துத்தான் போய்ச் சேர்ந்தாரா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

"இல்லாததக் கேட்டுட்டு வீம்பு புடிக்கறா, மௌனிகா. நீயே போட்டுக் காட்டு," என்றார் அண்ணன்.

போட்டேன். போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. இரண்டு பேர் காதையும் குறை சொல்ல முடியாது. நாடாவைத் தொட்டுப் படிக்கிற ஹெட், அத்தா பேசிய டேப் ரெக்கார்டரில் கொஞ்சம் சாய்ந்திருந்திருக்க வேண்டும். அப்படிப் பதிந்த நாடா, நேரான ஹெட்டில் மங்கலாகத்தான் கேட்கும். ஸ்க்ரூடிரைவரை எடுத்து என் கேசட் டெக்கின் ஹெட்டையும் இம்மி இம்மியாகச் சாய்த்தேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. பின்னால் ஓடிய ஏசி சத்தமும் வந்தது. அண்ணன் வாயைத் திறந்தார்.

"அது கெடக்குதுங்க, பேசாம கேளுங்க," என்று அதட்டிவிட்டு, எதையும் வெட்டாமல் சுருக்காமல் அப்படியே ஏற்ற ஆரம்பித்தேன்.

அந்த இடம் வந்தது.

"மெஹரு வந்தது போதும்."

சந்தேகமே இல்லை. 'து' தெளிவாக விழுந்தது. அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். நானே குரல் மாற்றிப் பேசிவிட்டதைப்போல் அண்ணன் என்னை முறைத்தார். நாடா ஓடிக்கொண்டிருந்தது. முதலில் வெறும் முனகலாகக் கேட்ட இடத்தில், அத்தா குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"கைப்புள்ளயத் தூக்கிட்டு அந்த மலச் சுரத்துல எத்தன பஸ்ஸு மாறுவா, பாவம். இனி நீ போய்ப் பாரு, நூஹு. மாசத்துக்கு ஒருக்காவாவது போ. நமக்கு இருக்கறது ஒருத்திதான?"

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அத்தாக்கு எம்மேல வெறுப்பில்ல," என்றார். திரும்பத் திரும்ப அதையே சொல்லி அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தார்.

"நீ எங்க ஊட்டுக்கு ஒருக்காகூட வந்ததில்லையேண்ணே."

"அத்தா சொன்னது எனக்குத் தெரியாதே, மெஹரு."

"சொன்னாத்தான் வருவியா?"