கொசு இல்லாத குளம்

அருமனைச் சந்தைக்குச் சுகாதார இன்ஸ்பெக்டராக வந்த கிளீட்டஸ், வந்த வாரமே சந்தைக்குளத்தில் குனிந்து பார்த்து இரண்டு கொசுப்புழுவைக் கண்டுபிடித்துவிட்டார். வேலையில் சேர்ந்து மூன்று வருடமாகியும் எதையும் கண்டுபிடிக்காத மனிதர். சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாளே நான்கு தகரம் மண்ணெண்ணெய் குளத்தில் இறங்கியது. கரையில் காப்பிக்கடையும் குளத்தில் ஆறு வாத்தும் வைத்திருந்த நாகம்மை ஓடி வந்தாள்.

"சாரே, எனக்க தாராவெல்லாம் வெள்ளத்துல கெடக்கு. என்ன காரியம் செய்யுதிய?"

"கொசுவக் கொல்லுதோம்."

"அத தாராவும் மீனும் தின்னுமே. அதுகளுக்குச் சர்க்காரு சம்பளமும் குடுக்காண்டாம்."

"தாரா தின்னணும்னு சட்டத்துல எங்க எழுதியிருக்கு?" என்றார் கிளீட்டஸ்.

சாயங்காலம் ஆறு வாத்துகளும் எண்ணெயில் முங்கிக் கரையேறின. சிறகை உதறக்கூட முடியாமல் ஒவ்வொன்றாய்ச் செத்தன. விடிந்தபோது மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. கிளீட்டஸ் மறுபடி குனிந்து பார்த்தார். ‘குளத்தில் கொசு அறவே இல்லை’ என்று மேலதிகாரி ஜஸ்டஸுக்கு எழுதினார். சத்தியமான வார்த்தை. குளத்தில் எதுவுமே இல்லை.

நாறுகிற குளத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ரப்பர் வந்தபின் சந்தை பெருத்துக்கொண்டே போனது. புதுக்கடைகளுக்கு இடம் வேண்டும். வியாபாரிகள் கேட்டார்கள், கிளீட்டஸ் தலையாட்டினார். ஓட்டைச் சட்டி, உடைந்த தகரம், தேங்காய்ச் சிரட்டை, அழுகிய மரச்சீனிக் கிழங்கு எல்லாம் குளத்துக்குள் போயின. ஆறே மாதத்தில் குளம் மேடாயிற்று.

வைகாசி நடுவில் இடவப்பாதி மழை வந்தது. முன்பு குளத்துக்கு ஓடிய தண்ணீர் போக்கிடம் இல்லாமல் கடைகளுக்குள் ஏறியது. மீதி, சிரட்டைக்குள்ளும் சட்டிக்குள்ளும் தேங்கிக் கிடந்தது. ஒரு குளம் போய் ஆயிரம் குளம். ஒன்றிலும் மீன் கிடையாது.

கொசு வந்தது, பின்னாலேயே குளிர்காய்ச்சலும் வந்தது. முதலில் கடைக்காரர்கள் விழுந்தார்கள், அப்புறம் இன்ஸ்பெக்டர். இரண்டு கம்பளிக்குள் பல் கிட்டக் கிடந்தவருக்கு மேலதிகாரியின் பதில் வந்தது: ‘எண்ணெய் போதவில்லை என்று தெரிகிறது.’ கூடவே எட்டுத் தகரம்.

கஞ்சி கொண்டுவந்தது நாகம்மைதான். ஏசுவாள் என்று கிளீட்டஸ் கண்ணை மூடிக்கொண்டார். அவள் ஏசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"ஒனக்க தாராவ நான் கொன்னுட்டேன் நாகம்மை."

"தாரா போட்டும் சாரே. ஊரு கெடக்குல்லா? எழும்புங்க, குப்பைய வாரணும்."

தேறியதும் ஆள்விட்டுச் சட்டிகளை உடைத்தார், சிரட்டைகளை வாரினார், பாதிக் குளத்தைத் திரும்பத் தோண்டினார். மீனுக்கு எங்கே போவது? எண்ணெய் கேட்கச் சர்க்காரில் படிவம் உண்டு, மீன் கேட்க இல்லை. வழி சொன்னவள் நாகம்மை. எட்டுத் தகரமும் கோதையாற்று மீன்பிடிக்காரர்களின் விளக்குகளுக்குப் போயிற்று. பதிலுக்குக் குடம்குடமாய் மீன்குஞ்சு குளத்துக்கு வந்தது.

ஜஸ்டஸ் பார்வையிட வந்தபோது காய்ச்சல் அடங்கியிருந்தது. அவரும் குளத்தில் குனிந்து பார்த்தார்.

"ஒரு புழுவக் காணல்லியே! எட்டுத் தகரமும் செலவாச்சா?"

"ஒரு சொட்டு மிச்சமில்ல சார்" என்றார் கிளீட்டஸ்.

ஜஸ்டஸ் அவர் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அந்த மாதமே, அருமனையைப் போல எல்லாச் சந்தைக்குளத்துக்கும் எட்டுத் தகரம் ஊற்றும்படி தாலுகா முழுக்க உத்தரவு பறந்தது. அதை வாசித்த கிளீட்டஸுக்குக் காய்ச்சல் இல்லாமலே உடம்பு நடுங்கியது. பிறகு உட்கார்ந்து, எண்ணெய் போன வழியையும் மீன் வந்த வழியையும் ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பினார்.

பதில் உடனே வந்தது. படிவமில்லாத மீனை உபயோகித்த குற்றத்துக்காக அவரைக் குளமே இல்லாத ஒரு மலையோர ஊருக்கு மாற்றியிருந்தார்கள். எண்ணெய் உத்தரவைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.