சாவியை எடுத்த பிறகும்

...இல்லை, இந்தச் சிவப்பு ஒயர் இன்னும் ஒரு சாண் நீளமாக இருந்திருக்க வேண்டும், பம்பருக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவுகிறேன், விரல் நுனிதான் கண், இருபது வருடமாகப் பட்டறையில் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றும் எனக்கு இருட்டில் ஒயர் தேடுவது புதிதா என்ன, ஆனால் தங்கையின் காருக்கு இரண்டு பகல் விளக்கு மாட்டுவதற்குள் பொழுது மத்தியானத்தைத் தாண்டிவிட்டது. ஷெட்டின் தகரக் கூரையில் ஆணி ஓட்டைகள், அவற்றின் வழியே வெயில் பொட்டுப் பொட்டாக இறங்கியிருக்கிறது, ஒரு பொட்டு என் முழங்கை மேல், நகர்வது தெரியாமல் நகர்கிறது... நாளைக் காலை ஆறு மணியும் இப்படித்தானே வந்து சேர்ந்தது? தங்கை கிளம்பும் நேரம், பத்து மணி நேர ஓட்டம், அவளுக்கு வேறு ஊர், புது வேலை. அம்மா போன பிறகு ஒன்பது வருடம் நானும் அவளும் மட்டும் இருந்த வீடு. நாளை மாலை வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், யாரிடம் செருப்பை ஒழுங்காக விடச் சொல்லி எரிந்து விழுவேன்?

“பட்டப்பகல்ல எதுக்குக்கா லைட்டு? பாக்கறவங்க லூசுன்னு நினைக்க மாட்டாங்க?” என்று டிரைவர் சீட்டில் சம்மணமிட்டபடி கேட்டாள். “நினைக்கட்டும்டி. லூசு வருதுன்னு ஒதுங்கிப் போவாங்கல்ல, அதுக்குத்தான்.” சிரித்தாள், சிரிக்கும்போது கார் லேசாக ஆடியது. காரின் நிறம் அப்படி, தார்ச்சாலையோடு சாலையாகக் கரைந்துவிடும் சாம்பல், மழையில் எதிரே வரும் லாரிக்காரனுக்கு அவள் இருப்பதே தெரியாது. இந்த விளக்கு அவள் வழி பார்க்க இல்லை, மற்றவர்கள் அவளைப் பார்க்க... இதை அவளிடம் சொல்லவில்லை. நான் சொல்லாமல் விட்டவற்றை அடுக்கினால் அவள் பெட்டி மூடாது.

பிறகு ஃபியூஸ் பெட்டி. சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் துளையாகப் பார்த்து ஒயரைச் செருக வேண்டும், பட்டறையில் வேலைக்குச் சேருகிறவர்களிடம் நானே ஓதுவேன், எரிவதைப் பார்ப்பது பாதிச் சோதனை, அணைவதையும் பார், அதுதான் மீதி. “சாவியைப் போடு.” “போட்டாச்சு.” எரிந்தது. அடுத்து நான் ‘எடு’ என்று சொல்லியிருக்க வேண்டும். அவளோ, அங்கே பார்த்திருக்கும் அறையில் ஜன்னல் கிழக்குப் பக்கம், காலையில் அலாரமே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள், எனக்கு அந்த ஜன்னல் தெரிந்தது, அதன் திரை, திரைக்குப் பின்னால் தனியாகப் புரண்டு படுக்கும் அவள் முதுகு... துணிப் பெட்டியை அடுக்கி முடிக்கணும் என்று சாவியை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஷெட் சுவரில் இரண்டு வெள்ளைக் கோடுகள். வெயில் இப்படி விழாதே என்று வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், கனவுக்குள் நின்று பார்ப்பதுபோல. விளக்கு. சாவி போன பிறகும் எரிகிறது. குனிந்து பார்த்தால், நான் செருகியிருப்பது காரின் உள்விளக்குத் துளையில், சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மின்சாரம் ஓடும் துளை. பேட்டரி ஏற்கெனவே கிழடு, விடிவதற்குள் உயிரை விட்டுவிடும். முன்பு ஒரு முறை அவள் அந்த உள்விளக்கை ராத்திரி முழுக்க எரியவிட்டு, காலையில் கார் கிளம்பாமல், இருவரும் வெறுங்காலோடு தெருமுனை வரை தள்ளினோம், அப்போதும் கிளம்பவில்லை, அவள் இன்டர்வியூவுக்குப் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து ஒரு முழுத் தர்பூசணியைத் தின்று தீர்த்தோம். எவ்வளவு சிரித்தோம்... ஒயரைப் பிடுங்கிச் சரியான துளையில் செருக இரண்டு நிமிடம் போதும். கை தவறிவிட்டது என்று எப்படிச் சொல்வேன், இருபது வருடம் தவறாத கை? அது என்னைக் கேட்டா செய்தது, கேட்காமலா?

“முடிஞ்சுதாக்கா?” உள்ளேயிருந்து குரல். “முடிஞ்சுது” என்றது என் வாய். குறடு மடியில் கிடக்கிறது. எடுக்கலாம், இதோ எடுக்கிறேன், இந்தப் பொட்டு வெயில் தரையை விட்டுச் சுவரில் ஏறட்டும்...

அவள் வந்துவிட்டாள், இரண்டு டம்ளர் காப்பியோடு, சுண்டுவிரலில் சாவி வளையம் தொங்க. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சுவரின் கோடுகளைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், பிறகு தன் விரலில் ஆடும் சாவியைப் பார்த்தாள். கேட்கப் போகிறாள்... “அழகா இருக்குக்கா” என்றாள் மெதுவாக. காப்பியை ஊதினாள். எரியும் விளக்கு ஒரு ராத்திரியில் பேட்டரியை என்ன செய்யும் என்று என்னைப்போலவே தெரிந்தவள், வேறொன்றும் கேட்கவில்லை. அவள் கேட்பாள் என்று நானும், நான் எழுந்து ஒயரை மாற்றுவேன் என்று அவளும் காத்திருக்கிறோம்... அல்லது எழமாட்டேன் என்றா?