களிமண் அடைத்த பிளவு

நேற்றுக் காலையிலிருந்து கல்லுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாறைப் படிப்புப் படித்ததற்காக வீடு வைத்த பெயர் அது. மணிக்கொரு தரம் அக்கா நடத்தும் வெந்நீர் ஊற்றுக் குளியல் தொட்டியில் பாட்டிலை முக்கி எடுத்து, இருட்டறையில் ஊதா விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தாள். பச்சை இல்லை.

பச்சை வரவும் கூடாது. மலைக்கு அந்தப் பக்கம், நீராவி எடுக்க வந்த கம்பெனியின் சோதனைக் கிணற்றில் மூன்று நாள் முன்பு மாலை, ஊதா விளக்கில் பச்சையாய் ஒளிரும் சாயத்தை ஊற்றியவள் அவள்தான். அக்காவின் வெந்நீர் ஒரு நிலப்பிளவின் வழியே ஏறி வருகிறது. கம்பெனியின் கிணறு இன்னொரு பிளவில். இரண்டுக்கும் நடுவே குறுக்காக ஓடும் மூன்றாவதில் பாறை அரைபட்டுக் களிமண்ணாகி அடைத்திருக்கிறது, சொட்டு நீர் தாண்டாது என்று படம் வரைந்தவளும் அவளே. படம் தப்பாயிருந்து அங்கே துளையிட்டால் அக்காவின் ஊற்று வற்றிவிடும். சாயம் வந்தாலும் இரண்டு நாளாவது ஆகும் என்று கணக்குப் போட்டு, முதல் நாள் முழுக்கப் பாட்டிலைத் தொடவில்லை. இன்று பன்னிரண்டு மணிக்குள் அவள் 'சரி' என்றால் துளையிடத் தொடங்குவார்கள்.

"ஏண்டி, அந்தத் தொட்டி என்ன உன் மாமியாரா? இப்படிச் சுத்திச் சுத்தி வர்றே?" துண்டுகளை உதறிக் கொடியில் போட்டபடி அக்கா கேட்டாள்.

"சும்மா இருக்கா. பதினொன்னரை ஆச்சு."

"அதான் ஒண்ணும் வரலையே. கையெழுத்தைப் போட்டுட்டு வந்து சாப்பிடு."

கல்லு பேனாவைத் திறந்தாள். அப்போதுதான் கொடியில் அந்தத் துண்டு கண்ணில் பட்டது. வெள்ளையில் திட்டுத்திட்டாக எலுமிச்சைப் பச்சை.

"இது என்னக்கா கறை?"

"அதை ஏன் கேக்கறே. முந்தாநாள் விடிகாலை தொட்டி பூரா ஒரே பாசி. வர்றவங்க பார்த்தா மூஞ்சியைச் சுளிப்பாங்களேன்னு அடைப்பை உருவிவிட்டுத் தேய்ச்சுக் கழுவினேன். நீ குறட்டை விட்டுட்டிருந்தே."

"பாசின்னா வழுக்குமே. வழுக்குச்சா?"

அக்கா யோசித்தாள். "இல்லடி. தண்ணிதான் பச்சையா இருந்துச்சு."

ஊதா விளக்கின் கீழே துண்டு மின்மினி போல ஒளிர்ந்தது. ஒரே ராத்திரியில் மொத்தமாகத் தாண்டி வந்து, அக்கா கழுவிவிட்டதோடு போயிருக்கிறது. அடைப்பாவது, களிமண்ணாவது.

வாசலில் நின்ற அக்காவுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. "இப்பப் போய்ச் சொன்னா உன் வேலைக்கு உலை வைப்பாங்களேடி. நான் பார்க்கவே இல்லைன்னு வச்சுக்கோ."

"வாயை மூடுக்கா." கல்லு துளையிடும் இடத்துக்குப் போன் போட்டாள்.

"என்னம்மா, ஆரம்பிக்கலாமா?" என்றார் துளைபோடும் மேஸ்திரி. பின்னால் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

"வேண்டாம் சார். என் படம் தப்பு."

"யாரு சொன்னா?"

"ஒரு துண்டு."

"வெயில் தலைக்கேறிடுச்சா? தப்புன்னு உங்க கையால எழுதித் தரணும், தெரியுமில்ல?"

"தர்றேன். முதல்ல அதை அணைங்க."

அவர் யாரையோ கூப்பிட்டார். எஞ்சின் நிற்கும் வரை கல்லு போனைக் காதில் அழுத்திப் பிடித்திருந்தாள்.