மொட்டைமாடிப் பெட்டி

கட்டிங் பிளேயரால் நட்டைத் திருகிக்கொண்டிருந்தாள் இஸ்மத். இறுகிப்போன நட்டில் அது வழுக்கி வழுக்கிப் போனது. கீழே ஆண்கள் அவள் கணவர் ரசாக்கின் மய்யித்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அஸர் தொழுகைக்குள் அடக்கம். அதற்குள் இந்தப் பெட்டி மாடியில் இருக்கக் கூடாது.

டிஷ் எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது. ஆனால் சூலூரில், விமானப்படைத் தளத்துக்கு இத்தனை பக்கத்தில், டிஷ்ஷின் மூக்கில் வயர் தொங்கும் தகரப் பெட்டி யார் வீட்டில் இருக்கிறது? மிக்ஸி ரிப்பேர் கடையை மூடிவிட்டு வந்து மாதக்கணக்கில் அதைப் பற்றவைத்தார் மனுஷன். வானத்தில் நிற்கும் செயற்கைக்கோளின் அலைவரிசை கம்ப்யூட்டருக்கு எட்டாத உயரமாம். இது எட்டுகிற அளவுக்கு இறக்கிக் கொடுக்குமாம்.

"கேக்க மட்டுந்தான் இஸ்மத்து, பேசாது. திரையில ஒரு கோடு வந்துட்டாப் போதும், அது கேட்டுருச்சுன்னு அர்த்தம்" என்பார். கோடு வந்ததேயில்லை. நம் பேரைக் கேட்டாலே இரண்டு கேள்வி கூடக் கேட்பார்கள் என்று அவள் தம்பி தாரிக் அப்போதே எச்சரித்தான். இன்றைக்கு யாராவது விசாரிக்க வந்து நின்றால் மய்யித்து வாசலிலேயே கிடக்கும்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான். ஆனால் தெருவில் பைக்கை நிறுத்திவிட்டு வந்தவன் பேய் இல்லை, விமானப்படைச் சீருடை போட்ட ஆள். நட்டோடு மல்லுக்கட்ட நேரமில்லை. கேபிளை வெட்டி, பெட்டியைப் பிய்த்து, போர்த்தியிருந்த துப்பட்டிக்குள் மறைத்துக்கொண்டு இறங்கினாள். வெயிலில் கிடந்த தகரம் வயிற்றைச் சுட்டது.

உள்ளறைத் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றாள். தாரிக் அந்த ஆளை அங்கேயே கூட்டி வந்தான். அக்காவிடம்தான் பேச வேண்டுமாம்.

"அக்கா, நான் சபரீஷுங்க. சென்னிமலைப் பக்கமுங்க" என்றது குரல். "அண்ணன் கடையில பழக்கமுங்க. அந்தப் பெட்டிக்கு நானும் கூட ஒக்காந்திருக்கேனுங்க. காலைல போன் பண்ணி, கோடு வந்திருச்சு, டூட்டி முடிஞ்சதும் வந்து பாருன்னாருங்க. அத்தன சந்தோசமுங்க அவருக்கு. இங்க வந்தா..."

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அந்தக் கோட்ட ஒருக்கா பாத்துட்டுப் போகட்டுங்களா?"

இஸ்மத் மேஜைப் பக்கம் திரும்பினாள். இந்த அறையில்தான் காலையில் ரசாக் மேஜைமேல் சாய்ந்து கிடந்தார். பெண்கள் வருமுன் ஓடிவந்து கம்ப்யூட்டர்மேல் போர்வையைப் போட்டவளும் அவள்தான். திரையில் என்ன இருந்தது என்று பார்க்கத் தோன்றவில்லை. இப்போது ஒரு கையால் போர்வையை விலக்கினாள்.

நீலத் திரையின் கீழ்ப்பாதியில் மஞ்சளாக ஒரு கோடு, கோணல்மாணல் இல்லாமல் நின்றது. அதற்கு மேலே, அவள் கேபிளை வெட்டியதிலிருந்து, ஒன்றுமில்லை. புதிதாக வந்துகொண்டிருந்த வெறும் நீலம் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது.

மய்யித்தைத் தூக்கிப்போகும் சந்தூக்கு வாசலுக்கு வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். துப்பட்டிக்குள் பெட்டி இன்னும் சூடாகத்தான் இருந்தது.