நெட்டை சொன்ன வேண்டாம்

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவை நிலையத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். அங்கே நடந்த ஒன்றை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைப்பு. கேட்டபிறகு என்னைத் திட்டத் தோன்றினால் திட்டுங்கள், கண்ணுகளா. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஒரு உதறு உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. நானூறு தடவை முகத்துக்கு முகம் வந்து போகிறவர்களுக்குள் ஒளிவுமறைவு ஏது? ஆறு வருஷம் எனக்கு எதிரே நின்றவள்தான் நெட்டை. ஆள்தான் உயரம், பேச்சு குள்ளம் என்பாள் ரேடியோ. ரேடியோ எங்கள் இஸ்திரி மிஷின்காரி. மிஷின் நின்றாலும் அவள் வாய் நிற்காது. நெட்டைக்கு அப்பா அம்மா இல்லை. அண்ணன் வீட்டில், அண்ணியின் முகம் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அழுக்கு மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்குகிற வேன் டிரைவருக்கு அவளைப் பிடித்துவிட்டது. கெட்ட பழக்கம் என்று அவனைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. எங்களை வாய் நிறைய அக்கா என்பான், கனமான மூட்டையைத் தானே தூக்கிவைப்பான். ஒரு நாள் என்னைக் கட்டிக்கிறியா என்று அவளிடம் கேட்டான். அவள் வேண்டாம் என்றாள். அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை.

மறுநாளிலிருந்து, அவள் வேலை முடிந்து நடக்கும்போது, அவளுடைய நடை வேகத்துக்கு வேனை உருட்டிக்கொண்டு பின்னாலேயே போனான். அவள் நின்றால் வேன் நிற்கும். கடைக்குள் போனால் வாசலில் காத்திருக்கும். ஹார்ன்கூட அடிக்கமாட்டான். அவள் தெருவை மாற்றினாள், வேனும் மாற்றிக்கொண்டது.

அந்த மாதம் ஒரு படம் சக்கைப்போடு போட்டது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பதினோரு பேர் சேர்ந்து போனோம். நெட்டை வரவில்லை. கதாநாயகன் இரண்டு மணி நேரம் ஒரு பெண் பின்னால் சுற்றுகிறான். திட்டுகிறாள், அறைகிறாள், அவன் கேட்பதாயில்லை. கடைசியில் ரயில் நகரும்போது அவன் பிளாட்பாரத்தில் ஓடிவர, அவள் குதித்து இறங்கி அவன் மேல் வந்து விழுகிறாள். நான் விக்கி விக்கி அழுதேன். திரும்பி வரும் வழியில் ரேடியோதான் சொன்னாள், இது அப்படியே நம்ம நெட்டை கதைடி என்று.

அதற்கப்புறம் நெட்டை என்ன செய்தாலும் எங்களுக்கு அது படத்தில் பார்த்த சீன்தான். பேசாமல் இருந்தாள், வெட்கம் என்றோம். ஒரு நாள் மூட்டை இறக்கும் இடத்தில், அத்தனை பேர் முன்னாலும் அவனிடம் நேராகவே சொன்னாள்.

"எனக்கு உன்னைப் பிடிக்கலை. இனிமே பின்னால வராதே."

குரல் நடுங்கவில்லை. இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? ரேடியோ கை தட்டி, "அப்பாடா, இன்டர்வெல் வந்துருச்சு" என்றாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. அவனும் சிரித்தான். நானும்தான்.

இன்னொரு நாள் கை நீட்டி அறைந்தே விட்டாள். அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிவந்தான். சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நல்ல பையன்மா, போகப் போக உனக்கே புரியும் என்று அனுப்பிவைத்தார். வீட்டில் சொன்னபோது அண்ணி பெருமூச்சு விட்டாளாம், எனக்காக யார் இப்படி உருகினார்கள் என்று.

ஒரு தடவை முனையோடு முனை சேர்த்து நின்றபோது என்னிடம் கேட்டாள்:

"அக்கா, எந்த வார்த்தையில சொன்னா அது வேண்டாம்னு ஆகும்?"

நான் அவள் கன்னத்தைக் கிள்ளி, ரொம்பத்தான் பிகு பண்ணாதடி என்றேன். பெற்ற மகளிடம் சொல்வதுபோல, பிரியமாகத்தான் சொன்னேன்.

அதன்பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் கம்பெனிக்கு எட்டு மணி நேரப் பயணத்தில் இன்னொரு சலவை நிலையம் உண்டு. அங்கே மாற்றல் எழுதிக் கேட்டு, வாங்கியும்விட்டாள். தங்குவதற்கு விடுதியில் ஒரு கட்டிலும் கிடைத்தது. வியாழக்கிழமை இரண்டு மணி பஸ். சொல்லாமல் போக மனசு வராமல் என் ஒருத்தியிடம் மட்டும் சொல்லி, சத்தியமும் வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு அவள் விரிப்பை உதறிய உதறலே வேறு. காற்றில் பட்டம் விடுகிறவள் மாதிரி இருந்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? புதன்கிழமை மூட்டை இறக்க வந்தவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பஸ்ஸையும் நேரத்தையும் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, மிரட்டவில்லை. அவள் போய்விட்டால் இரண்டு பேர் வாழ்க்கையும் பாழ் என்று மனசார நம்பினேன். அவள் இறங்கி ஓடிவருவதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை.

வியாழக்கிழமை நெட்டை வேலைக்கு வரவில்லை. மற்றவர்களுக்கும் நானே சொல்லிவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில், ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் எல்லோரும் அவன் வேனில் ஏறினோம். மூட்டைகள்மேல் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு போனோம். பஸ் ஸ்டாண்டில் அவள் பஸ் பின்னால் நகர்ந்து திரும்பிக்கொண்டிருந்தது. வேனைக் குறுக்கே நிறுத்தியிருக்கலாம். ஓடினால்தான் நன்றாயிருக்கும் என்று ரேடியோ யோசனை சொன்னாள். ஓடினான். அவள் ஜன்னலுக்குக் கீழே மண்டியிட்டான்.

சுற்றிலும் போன்கள் உயர்ந்தன. பஸ் டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டார்.

நெட்டை வேண்டாம் என்றாள். கூட்டம் செல்லமாகச் சிரித்தது. இன்னொரு தடவை சொன்னாள், விசில் பறந்தது. பிறகு அலறினாள். பின்சீட்டுப் பெரியவர் அவள் பையை எடுத்து ரேடியோவிடம் நீட்டினார். பக்கத்தில் இருந்த அம்மாள் கண்ணைத் துடைத்தபடி முழங்காலை ஒதுக்கி வழி விட்டாள். கம்பியை இறுக்கிப் பிடித்திருந்த விரல்களைக் கண்டக்டர் ஒவ்வொன்றாக, நோகாமல் பிரித்தார். இறங்கும்மா, சந்தோஷமா இரு என்றார். ஒரு கெட்டவன் இல்லை அந்தக் கூட்டத்தில். அவள் கண் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தபோது நான் கை தட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வீடியோவை லட்சக்கணக்கில் பார்த்தார்கள். யாரோ பாட்டு ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அவள் சொன்னது அதில் அமுங்கிப்போனது. அழுகை மட்டும் தெரிந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று கீழே எழுதியிருந்தார்கள். வேறு எவன் கட்டுவான் இனிமேல் என்று அண்ணன் மூன்றாவது வாரமே கல்யாணத்தை முடித்துவிட்டார். அவள் வேலையும் போயிற்று, அவன் வேலைக்கு அனுப்பவில்லை.

எட்டு மாதம் கழித்துத்தான் எனக்கு அவளைப் பார்க்கத் தைரியம் வந்தது. அவன் வாசலிலேயே வரவேற்றான். கதவின் வெளிப்பக்கம் புதுப் பூட்டு ஒன்று தொங்கியது. "நீங்க இருக்கீங்க, அதனால இன்னைக்குப் பூட்டலை. பாத்துக்குங்கக்கா. இன்னும் பிகு குறையலை" என்று சிரித்துவிட்டு வேலைக்குப் போனான். பிகு என்ற சொல்லை அவனுக்கும் முந்தி அவளிடம் சொன்னவள் நான்தானே.

அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பாதியாகிவிட்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்து, "எழுந்திரு. இப்பவே கிளம்பு. நானே பஸ் ஏத்தி விடுறேன்" என்றேன்.

"எந்த ஊருக்குக்கா? பக்கத்து சீட்ல இருக்கறவங்க மூஞ்சியப் பாத்ததுமே கண்டுபிடிச்சு, அவனுக்குப் போன் பண்ணி வரவச்சுருவாங்க. பாவம், நல்லதுன்னு நெனச்சுத்தான் பண்ணுவாங்க."

அதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். மாடி வீட்டு அம்மாள், வெளியூரிலிருந்து வந்த தன் உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேரோடு நின்றாள். இவங்கதான் அந்த பஸ் ஸ்டாண்ட் பொண்ணு என்று பெருமையாகக் காட்டினாள். ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று அந்தப் பெண்கள் கூச்சத்தோடு கேட்டார்கள்.

நெட்டை எழுந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். அவர்களுக்கு நடுவில் போய் நின்று, பழகியவள்போலச் சிரித்தாள். போனை என் கையில் கொடுத்தார்கள். நான் எடுத்துக் கொடுத்தேன்.